மாணவர் தன் இலக்கைத் தானே எழுதட்டும்: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வகுப்பில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, “இந்தப் பருவத்தில் உங்கள் இலக்கு என்ன, எழுதுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான தாள்களில் இரண்டே வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். “நான் நன்றாகப் படிப்பேன்.” “நான் 90 மதிப்பெண் எடுப்பேன்.” என் முதல் ஆண்டில் அந்தத் தாள்களை ஆசையோடு வாங்கிக் கோப்பில் போட்டு வைத்தேன். பருவம் முடிந்து எடுத்துப் பார்த்தபோது, யார் இலக்கை அடைந்தார், யார் அடையவில்லை என்று எனக்கும் சொல்ல முடியவில்லை. எழுதியவர்களுக்கோ எழுதியதே நினைவில்லை.

பிள்ளைகள் மனதார எழுதியவைதாம் அவை. ஆனால் இன்று மாலை எந்த நோட்டைத் திறந்து எதில் தொடங்குவது என்று அந்த வாக்கியங்கள் சொல்லவில்லை. அதைச் சொல்லும் இலக்கை எழுத அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் ஆசிரியருக்கு அந்த வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். தனியாகப் பாடம் சொல்லிக்கொடுப்பவருக்கும், மாலையில் பிள்ளையோடு உட்காரும் பெற்றோருக்கும் இதே முறை பொருந்தும். எல்லாப் படிகளிலும் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பேனா மாணவரின் கையில் இருக்க வேண்டும். இலக்கை அவர் எழுத வேண்டும், கணக்கை அவர் வைக்க வேண்டும், “எனக்கு வந்துவிட்டது” என்று சான்று காட்டிச் சொல்ல வேண்டியவரும் அவரே.

முதல் படி: விடைத்தாளைப் படிக்கச் சொல்லுங்கள்

இலக்கில் தொடங்காதீர்கள். நிற்கும் இடம் தெரியாதவரிடம் போகும் இடத்தைக் கேட்டுப் பயனில்லை. திருத்திய விடைத்தாள் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள். தவறான ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் மாணவரே ஓர் எழுத்தைப் போடட்டும். எனக்கு இது தெரியவே தெரியாது என்றால் ‘அ’. தெரியும், ஆனால் தவறிவிட்டேன் என்றால் ‘ஆ’. கேள்வியே புரியவில்லை என்றால் ‘இ’. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ‘அ’ என்றால் மறுபடி கற்க வேண்டும், ‘ஆ’ என்றால் சரிபார்க்கும் பழக்கம் வேண்டும், ‘இ’ என்றால் கேள்வியை வாசிக்கப் பழக வேண்டும்.

முதல் முறை எல்லாருமே ‘ஆ’வைத்தான் அள்ளிப் போடுவார்கள். கவனக்குறைவு என்று சொல்வதில் அவமானம் குறைவு. அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டாம். அதே கேள்வியை, விடைத்தாளைப் பார்க்காமல், வெற்றுத் தாளில் இப்போது செய்து பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் ‘ஆ’ நிற்கட்டும். வராவிட்டால் மாணவரே அதை அடித்துவிட்டு ‘அ’ போட்டுக்கொள்வார்.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி, 25-க்கு 11 வாங்கியவள், “எனக்குக் கணக்கே வராது டீச்சர்” என்று தாளை மடித்து வைத்துவிட்டாள். பிரித்துப் பார்க்கச் சொன்னேன். தவறாகப் போன ஒன்பது கேள்விகளில் ஐந்து ஒரே வகை: வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதும். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி ஏழில் இரண்டு என்று எழுதியிருந்தாள். தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி. ஒரே நீளத்தில் இரண்டு தாள் நாடாக்களை வெட்டிக் கொடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றொன்றை ஏழாகவும் மடிக்கச் சொன்னேன். ஏழாக மடிப்பது எளிதன்று. அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மடித்தாள். ஏழில் இரண்டு பங்கை மூன்றில் ஒரு பங்கின் பக்கத்தில் வைத்தபோது அது குட்டையாக இருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கூட்டின பிறகு குறைந்துபோயிருக்கிறதே!”

“கணக்கே வராது” என்பது அந்த நிமிடத்தில் “வேற்றினப் பின்னம் வரவில்லை” என்று சுருங்கியது. முதல் படியின் பயன் இந்தச் சுருக்கம்தான். ஒரு முழுப் பாடவேளையையே இதற்குச் செலவிடுங்கள், வீணாகாது.

இரண்டாம் படி: ஒரு வாக்கியம்

அடுத்து நாங்கள் பேசியதை அப்படியே தருகிறேன். இலக்கு வாக்கியம் இப்படித்தான் பிறக்கிறது.

“சரி, இனி என்ன செய்யப் போகிறாய்?”

“பின்னக் கணக்கை நன்றாகப் படிப்பேன் டீச்சர்.”

“நன்றாகப் படித்துவிட்டாய் என்று உனக்கு எப்படித் தெரியும்?”

நீண்ட அமைதி. இந்த அமைதியில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது.

“பத்துக் கணக்கு கொடுங்கள், போட்டுக் காட்டுகிறேன்.”

“எத்தனை சரியாக வந்தால் போதும்?”

“எட்டு.”

“நோட்டைப் பார்த்தா, பார்க்காமலா?”

“பார்க்காமல். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை.”

அவள் எழுதிய வாக்கியம்: “அடுத்த வெள்ளிக்கிழமைக்குள், நோட்டைப் பார்க்காமல், வேற்றினப் பின்னக் கூட்டலிலும் கழித்தலிலும் பத்துக்கு எட்டு சரியாகப் போடுவேன்.” எதை, எவ்வளவு, எந்த நிபந்தனையில், எப்போதைக்குள் என்ற நான்கும் வந்துவிட்டன. 1981-இல் ஜார்ஜ் டோரன் என்பவர் நிர்வாகிகளுக்கான ஓர் இதழில் எழுதிய ‘ஸ்மார்ட்’ (SMART: ஐந்து எழுத்தும் நல்ல இலக்கின் ஐந்து பண்புகளைக் குறிக்கும்) இலக்கு முறையைப் பல பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ஐந்து எழுத்து விரிவாக்கத்தை ஒப்பிக்கச் சொன்னால் அதுவும் மனப்பாடப் பகுதியாகிவிடும். “உனக்கு எப்படித் தெரியும்?” என்ற ஒரே கேள்வி அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

மதிப்பெண்ணை இலக்காக வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். 90 மதிப்பெண் என்பது கேள்வித்தாளையும் பொறுத்தது, திருத்துபவரையும் பொறுத்தது. பின்னத்தைக் கூட்டத் தெரிவது மாணவரின் கையில் இருக்கிறது. இலக்கு அங்கே இருக்கட்டும்.

அளவு சிறியதாக இருக்கட்டும். 1981-இல் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கழித்தலில் பின்தங்கிய, 7 முதல் 10 வயது வரையான குழந்தைகளுக்கு ஏழு அமர்வுகளில் செய்ய 42 பக்கப் பயிற்சி கொடுக்கப்பட்டது. ஒரு குழுவிடம் ஒவ்வோர் அமர்விலும் ஆறு பக்கம் முடிக்கலாம் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஏழு அமர்வுகளின் முடிவில் 42 பக்கமும் முடிக்கலாம் என்றார்கள். வேலை ஒன்றுதான். ஆறு பக்க இலக்கு வைத்த குழந்தைகள் கணக்கிலும் தன்னம்பிக்கையிலும் ஆர்வத்திலும் முந்தினார்கள். தொலைதூர இலக்கு வைத்தவர்கள், இலக்கே இல்லாதவர்களைவிட மேலாக வரவில்லை. பருவ இலக்கு, ஆண்டு இலக்கு என்று பெரிதாக எழுதச் சொல்லும் பள்ளிகளில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இலக்கை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எழுதட்டும். அதன் கீழே இந்த இரண்டு வாரத்துக்கான ஒரு வரியும் இருக்க வேண்டும்.

ஒரு விலக்கும் உண்டு. இலக்குகள் பற்றி 1968-லிருந்து எழுதிவந்த எட்வின் லாக்கும், அவரோடு பணியாற்றிய கேரி லேதமும் காட்டியது இது: துல்லியமான, சற்றே கடினமான இலக்கு, “முடிந்ததைச் செய்” என்பதைவிட நல்ல பலன் தருகிறது. ஆனால் முற்றிலும் புதிதான, சிக்கலான வேலையில் எண்ணிக்கை இலக்கு ஆளைத் திணறடிக்கும். கட்டுரையே எழுதிப் பழகாத மாணவரிடம் “பத்துக்கு எட்டு” என்று கேட்காதீர்கள். “ஒரு கட்டுரையைத் தொடங்க மூன்று வழிகளைக் கண்டுபிடித்து எழுதிப் பார்ப்பேன்” என்பது அவருக்கு ஏற்ற இலக்கு.

மூன்றாம் படி: எப்போது, எங்கே

வாக்கியத்தின் கீழே இன்னொரு வரி வேண்டும். “இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், மேசையில் உட்கார்ந்து மூன்று கணக்கு போடுவேன்.” ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு புதிய வேலையைக் கட்டிவிடுவது இது. “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்பவர்கள் சொன்னதைச் செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 1999-இல் பீட்டர் கோல்விட்சர் தொகுத்து எழுதினார். “தினமும் படிப்பேன்” என்பதில் எந்த நேரமும் இல்லை. தட்டைக் கழுவும் நேரம் தினமும் வருகிறது.

தடங்கலையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்: “தம்பி வந்து தொந்தரவு செய்தால், மாடிப்படியில் போய் உட்காருவேன்.” அவரவர் வீட்டின் தடங்கல் அவரவருக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லிக்கொடுக்கும் தீர்வு அங்கே செல்லுபடியாகாது.

நேரத்தைக் குறைவாகவே மதிப்பிடுவார்கள். இது பிள்ளைகளின் குறையன்று. ரோஜர் பூலர் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை முடிக்க மாணவர்கள் சராசரியாக 34 நாள் ஆகும் என்றார்கள். 55 நாள் ஆனது. ஆகவே முதல் இரண்டு முறை தேதி தவறினால் பதறாதீர்கள். “மூன்று கணக்குக்கு எத்தனை நிமிடம் என்று நினைத்தாய், எத்தனை ஆயிற்று?” என்று இரண்டு எண்களையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மதிப்பீடு தானாகத் திருந்தும்.

நான்காம் படி: கணக்கு நோட்டு

இதற்கென்று அச்சிட்ட படிவம், வண்ண அட்டை, செயலி எதுவும் வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கங்கள் போதும். நான்கு பத்தி வரையச் சொல்லுங்கள்: தேதி, செய்தது, சரியானது, தெரிந்துகொண்டது. ஒரு நாளைக்கு ஒரு வரி. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் படிவம் பெரிதாகிவிட்டது என்று பொருள். ஒரு பத்தியை அடித்துவிடுங்கள்.

அந்த மாணவியின் பக்கத்தில் முதல் ஐந்து நாள் வரிகள் இப்படி இருந்தன:

திங்கள்: 3 கணக்கு, 0 சரி. பகுதிகளைச் சமமாக்க மறந்தேன்.
செவ்வாய்: 3 கணக்கு, 1 சரி. பகுதியை மாற்றினேன், தொகுதியை மாற்றவில்லை.
புதன்: போடவில்லை. விருந்தாளி.
வியாழன்: 3 கணக்கு, 2 சரி. மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடிக்க நேரமாகிறது.
வெள்ளி: 4 கணக்கு, 3 சரி. கழித்தலில் அவசரம்.

நான்காவது பத்தியை மட்டும் மேலிருந்து கீழே வாசியுங்கள். முதலில் என்ன செய்வதென்றே மறந்தாள், பிறகு பாதி செய்தாள், பிறகு செய்ய நேரமானது, கடைசியில் அவசரம். கற்றல் நகர்ந்த பாதை அப்படியே இருக்கிறது. வெறும் எண்ணிக்கை இதைக் காட்டாது. “கவனமாக இருக்க வேண்டும்” போன்ற வரிகள் அந்தப் பத்தியில் வந்தால், “எந்த இடத்தில் கவனம்?” என்று ஒருமுறை கேளுங்கள்.

புதன்கிழமை வரியையும் பாருங்கள். போடாத நாளைப் போடவில்லை என்று எழுதும் துணிவு, நோட்டு தண்டனைக்குப் பயன்படாது என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. ஒரே ஒரு முறை அந்த வரியைக் காட்டித் திட்டினீர்கள் என்றால், அடுத்த வாரத்திலிருந்து எல்லா நாளும் “3 கணக்கு, 3 சரி” என்று வரும். அதன் பிறகு அந்த நோட்டால் யாருக்கும் பயனில்லை. நோட்டில் நீங்கள் எழுதாதீர்கள், சிவப்பு மையால் கையொப்பமும் போடாதீர்கள்.

சிறு குழந்தைகளுக்கு எழுத்து வேண்டாம். ஒரு நிமிடத்தில் தடங்கலின்றி வாசித்த சொற்களை எண்ணி, அத்தனை கட்டங்களை வண்ணமடித்துக்கொள்ளட்டும். கட்டுரைக்கு எண் பொருந்தாது. பழைய கட்டுரையையும் புதிய கட்டுரையையும் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று கோடிடுவதே பதிவு. மேல்வகுப்பினர் பாட அலகுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே “தனியாகச் செய்வேன்”, “பார்த்துச் செய்வேன்”, “செய்ய முடியவில்லை” என்று குறித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: சான்று

மாணவர்கள் ஏமாறுவது இங்கேதான், அதிகம் உழைப்பவர்களும்கூட. பாடத்தை நான்கு முறை வாசித்தவருக்கு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். வரிகள் பழகிவிட்டன, அவ்வளவுதான். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்களையும், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழானது.

ஆகவே “வந்துவிட்டது” என்பதற்கு இரண்டு நிபந்தனை வையுங்கள். புத்தகம் மூடியிருக்க வேண்டும். கடைசியாகப் பயின்றதற்கும் சோதிப்பதற்கும் இடையில் குறைந்தது இரண்டு நாள் போயிருக்க வேண்டும். சோதிப்பதற்கு முன், எத்தனை சரியாக வரும் என்று மாணவரே ஒரு எண்ணை ஊகித்து எழுதட்டும். ஊகமும் விடையும் நெருங்கி வருவதே ஒரு முன்னேற்றம். தேர்வு அறையில் எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய அந்தத் திறன்தான் உதவுகிறது.

ஆறாம் படி: மூன்று நிமிடப் பேச்சு

“நாற்பது பேர் இருக்கிறார்கள், எப்படித் தனித்தனியாகப் பேசுவது?” என்பது எல்லாப் புதிய ஆசிரியர்களின் கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், மற்றவர்கள் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது. பத்துப் பள்ளி நாளில் நாற்பது பேரும் முடிந்துவிடும், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. இலக்கின் அளவை இரண்டு வாரம் என்று வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்விகள் மூன்றே: எங்கே போகிறாய், இப்போது எங்கே இருக்கிறாய், அடுத்து என்ன? ஜான் ஹாட்டியும் ஹெலன் டிம்பர்லியும் 2007-இல் பின்னூட்டம் பற்றி எழுதியபோது இந்த மூன்றையும்தான் நடுவில் வைத்தார்கள். நோட்டை மாணவர் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்லட்டும். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடமாவது அவர் பேச வேண்டும். நீங்கள் ஒரே ஒரு யோசனை சொல்லலாம். மூன்று சொன்னால் ஒன்றும் நடக்காது.

அந்தப் பேச்சில் மதிப்பெண்ணைக் கொண்டுவராதீர்கள். ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையைப் பற்றிய குறிப்பை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. எண்ணைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. விடைத்தாள் கொடுக்கும் நாளில் எந்த வகுப்பிலும் இதைப் பார்க்கலாம்.

இலக்கு தவறும்போது

தவறும். அடிக்கடி தவறும். அப்போது நோட்டின் இரண்டாம் பத்தியைப் பாருங்கள். செய்யவே இல்லை என்றால் சிக்கல் நேரத்திலோ இடத்திலோ இருக்கிறது; மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். செய்தும் வரவில்லை என்றால் இலக்கு பெரிது, அல்லது அதற்கு முந்தைய பாடம் வலுவாக இல்லை. நம் மாணவிக்கு இரண்டாம் வாரம் பத்துக்கு ஆறுதான் வந்தது. நோட்டைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள்: மீச்சிறு பொது மடங்கு தேடும்போது ஏழு, எட்டு, ஒன்பதாம் வாய்ப்பாடுகளில் தடுமாறுகிறாள். புதிய இலக்கு வாய்ப்பாட்டுக்கு மாறியது. ஏழாம் வகுப்பில் வாய்ப்பாடா என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பத்து நாள்தானே என்று சொன்னேன். எட்டு நாளில் முடித்துவிட்டு, பின்னத்துக்குத் திரும்பி, பத்துக்கு ஒன்பது போட்டாள்.

பரிசு அறிவிக்காதீர்கள். மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படம் வரைவதை விரும்பிச் செய்துவந்த 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். இலக்கை அடைந்தவர் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதும் வேண்டாம். பின்னத்தில் எட்டு எடுப்பதும் வாய்ப்பாட்டுக்குத் திரும்புவதும் வெவ்வேறு பயணங்கள். ஒரே பட்டியலில் வைத்தால் இரண்டாமவர் அடுத்த முறை எளிதான இலக்கைத் தேடிப் பிடிப்பார்.

பெற்றோர் சந்திப்பில் நீங்கள் பேசுவதற்குப் பதிலாக மாணவர் நோட்டைத் திறந்து காட்டிப் பேசட்டும். முதல் முறை குரல் எழும்பாது. “நான் இங்கே தொடங்கினேன், இப்போது இங்கே இருக்கிறேன், அடுத்து இதைச் செய்யப் போகிறேன்” என்ற மூன்று வரியை முந்தைய நாள் ஒத்திகை பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் புகுந்து திருத்த வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் வாரத்துக்கு

நாற்பது பேரோடும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதில்லை. ஒரு பாடம், ஒரு வகுப்பு, ஒரு இலக்கு. முதல் வாரம் விடைத்தாளும் அ, ஆ, இ குறியும். இரண்டாம் வாரம் வாக்கியமும் நேரமும் இடமும். மூன்றாம், நான்காம் வாரங்களில் நோட்டும் பேச்சும். ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, முதல் வாரத்தில் ‘அ’ போட்ட கேள்விகளில் ஒன்றைத் தாங்களே தேர்ந்து, நோட்டை மூடிவைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளையும் பழைய விடைத்தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த இலக்கு வாக்கியத்தை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதலாம்.